நாயகி பாவத்துக்குள் ஒரு வாசல்: நர்த்தகி நடராஜை முன்வைத்து ஒரு பதில்

பரதம் பயின்றுகொண்டே முதுகலை ஆய்வேடு எழுதும் மாணவி ஒருவர், பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜின் நடனத்தைத் தன் ஆய்வுப் பொருளாக எடுத்திருக்கிறார். கலைஞர் திருநங்கை என்பதைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது வாழ்க்கை வரலாறாகிவிடும், நடன ஆய்வாக இருக்காது என்று அவருடைய நெறியாளர் சொல்கிறாராம். கலைஞரின் பாலின அடையாளம் அவர் படைப்பை உண்மையாகவே வடிவமைக்கிறதா, அப்படியானால் அதை ஆடலில் எங்கே காண்பது, ஆய்வேட்டில் எந்த அளவுக்கு எழுதுவது என்பவை மாணவியின் கேள்விகள்.

வடிவமைக்கிறது என்பதுதான் என் பதில். ஆனால் நாம் வழக்கமாகத் தேடுகிற இடத்தில் அது அகப்படுவதில்லை. திருநங்கை ஒருவர் ஆடினால் தம் துயரத்தைத்தான் ஆடுவார், எழுதினால் தாம் பட்ட அவமானத்தைத்தான் எழுதுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டு அரங்கில் போய் உட்காருகிறோம். அந்த எதிர்பார்ப்பு ஏமாந்ததும், அடையாளத்துக்கும் கலைக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். எந்தக் கலையைக் கையில் எடுப்பது, யாரிடம் போய்க் கற்பது, அந்தக் கலையின் எந்தக் கிளை தனக்கு இடம் தரும், எந்த உணர்வை எவ்வளவு அடக்கிக் காட்டுவது ஆகிய தேர்வுகள் எல்லாம் கருப்பொருளுக்கு முந்தியவை. அடையாளத்தின் தடம் அங்கேதான் ஆழமாகப் பதிகிறது. நெறியாளரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் வாழ்க்கை வரலாற்றை முழுவதுமாக வெளியே தள்ளிவிட்டால் இந்தத் தேர்வுகளுக்குக் காரணமே தெரியாமல் போய்விடும்.

முதலில் குருவிடம் சென்ற வழியைப் பார்க்கலாம். மதுரையில் பிறந்த நர்த்தகி, சிறு வயதில் திரையில் வைஜயந்திமாலாவின் ஆட்டத்தைக் கண்டு நடனத்தின்மேல் ஆசை கொண்டவர். முறையான பயிற்சி எதுவும் வாய்க்காத காலத்திலேயே, பார்த்ததை வைத்துக்கொண்டு தானாக ஆடிப் பழகியவர். தன்னைப் போலவே தன்னைப் பெண்ணாக உணர்ந்த தோழி சக்தியுடன் வீட்டை விட்டு வெளியேறி, 1980-களில் தஞ்சாவூரில் கே. பி. கிட்டப்பா பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். வைஜயந்திமாலாவுக்கும் கற்பித்த ஆசான் அவர். தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்களின் வழித்தோன்றல். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி வரிசையை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்தியவர்கள் என்று நடன உலகம் போற்றுவது அந்த நால்வரைத்தான். குரு உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. காத்திருந்துதான் இடம் பெற்றார்கள். 'நர்த்தகி' என்ற பெயரை இட்டவரும் கிட்டப்பா பிள்ளையே. 1999-இல் அவர் மறையும்வரை, ஏறக்குறைய 15 ஆண்டுகள், அவர் நிழலிலேயே நர்த்தகி இருந்தார்.

இதை மனவுறுதியின் கதையாக மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம், ஏனென்றால் நடன வரலாற்றுக்குத் தேவையான செய்தி ஒன்று இதற்குள் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு பெண் பிள்ளை பரதம் கற்கும் வழி பெரும்பாலும் குடும்பத்தின் வழியாகவே அமைந்தது. பெற்றோர் அழைத்துப்போய்ச் சேர்ப்பார்கள், மாதச் சம்பளம் கட்டுவார்கள், பட்டுப் புடவையும் நகையும் வாங்கி, பக்கவாத்தியக்காரர்களை அமர்த்தி, அரங்கேற்றச் செலவையும் ஏற்பார்கள். வீட்டை விட்டு வந்த திருநங்கைக்கு இந்தக் கதவுகளில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் திருநங்கையருக்கான நல வாரியம் அமைந்தது 2008-இல். மூன்றாம் பாலினத்தவரின் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014-இல். அதற்கெல்லாம் 20 ஆண்டுகளுக்கும் முன்பு, குருவுடன் இருந்து பணிவிடை செய்து கற்கும் குருகுல முறை ஒன்றுதான் பெற்றோரின் கையெழுத்தைக் கேட்காத வழியாக இருந்தது. அந்த வழியில் போனதால் நர்த்தகிக்குக் கிடைத்தது, நகரத்து நடனப் பள்ளிகள் பலவற்றிலும் சுருங்கிக்கொண்டிருந்த பழைய தஞ்சைப் பாணி. அதுவும் அதை உருவாக்கியவர்களின் வழிவந்தவர் கையிலிருந்தே. ஆக, அவருடைய பாணி எது என்ற, முற்றிலும் நடனம் சார்ந்த கேள்விக்குரிய விடையில்கூட அவருடைய பாலின அடையாளம் கலந்திருக்கிறது. ஆர்வமும் குருவின் பெருந்தன்மையும் சேர்ந்தே இது நிகழ்ந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வேறு கதவுகள் மூடியிருந்தன என்பதையும் ஆய்வேடு சொல்ல வேண்டும்.

அடுத்தது நாயகி பாவம். நர்த்தகி தனித்துவம் பெற்ற துறை அது என்பதை அவர் நடனத்தை அறிந்த எவரும் சொல்வார்கள். இறைவனைத் தலைவனாகவும் பாடுபவரைத் தலைவியாகவும் கொண்டு உருகும் இந்த மரபில், தமிழில் மிக ஆழமான பாடல்கள் பலவற்றை எழுதியவர்கள் ஆண்கள். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் பேசினார்கள். "ஞானத்தில் தம் பேச்சு, ப்ரேமத்தில் பெண் பேச்சு" என்று ஆசார்ய ஹ்ருதயம் என்ற வைணவ நூலில் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இதற்கு ஒரு சூத்திரமே வகுத்திருக்கிறார். அறிவு நிலையில் ஆழ்வார் தம் குரலில் பேசுகிறார். காதல் முற்றியதும் பெண் குரல் தானாக வந்துவிடுகிறது. பரதத்தின் பழைய வடிவமான சதிரின் மேடையில் ஆடப்பட்ட பதவர்ணங்களையும், அதாவது அபிநயத்துக்கு இடம் தரும் நீண்ட உருப்படிகளையும், இதே வரிசையில் வைக்கலாம். தஞ்சை நால்வரில் ஒருவரான பொன்னையா, திருவாரூர்த் தியாகராசரைத் தலைவனாக்கிப் பாடிய பைரவி ராகத்துப் பதவர்ணத்தில் ஏங்குபவள் பெண், எழுதியவர் ஆண், கற்பித்த நட்டுவனார்கள் ஆண்கள், ஆடியவர்கள் தேவதாசி மரபின் பெண்கள். பாலினத்தைக் கடந்து பேசுவது இந்தக் கலைக்கு வெளியிலிருந்து வந்த புதுமை ஆகாது. அதன் இலக்கணத்திலேயே இருக்கிறது.

இந்த இடத்தில் நர்த்தகியின் நிலை ஆழ்வாருடைய நிலையிலிருந்து வேறுபடுவதைக் கவனிக்க வேண்டும். ஆழ்வாருக்குப் பெண் குரல் என்பது அன்பு முதிர்ந்தபோது சென்று சேரும் நிலை. அங்கிருந்து தம் பேச்சுக்கு அவர் திரும்பவும் முடியும். தன்னைப் பெண்ணாகவே அறிந்த ஒருவருக்கு அது போய்த் திரும்பும் ஊராக இருப்பதில்லை. கவிஞர் எங்கே போய்ச் சேர்ந்தாரோ அங்கேதான் இவர் தொடங்குகிறார். அதனால் ஆணிலிருந்து பெண்ணாக மாறுவதைக் காட்ட வேண்டிய உழைப்பு இங்கே இல்லாமல், தலைவியின் ஏக்கத்துக்குள் நேரடியாக இறங்கிவிடும் சாத்தியம் உண்டாகிறது. மற்றவர்கள் தம்மைப் பெண்ணென்று ஏற்க மறுத்த காலத்தில், ஆண்கள்கூடப் பெண்ணாகிப் பேசுவதை உயர்ந்த பக்தியாகக் கொண்டாடிய ஓர் இலக்கியம் சொந்த மொழியிலேயே இருந்தது என்பது ஒரு கலைஞருக்கு எவ்வளவு பெரிய உறுதியைத் தந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இது அபிநயத்தில் எப்படிச் செயல்படும் என்பதற்கு ஒரு பாடலை எடுத்துக்கொள்கிறேன். பரத மேடையில் பலரும் அபிநயம் பிடிக்கும் அப்பரின் திருவாரூர்த் திருத்தாண்டகம் அது:

முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்
மூர்த்தி அவனிருக்கும் வண்ணம் கேட்டாள்
பின்னை அவனுடைய ஆரூர் கேட்டாள்
பெயர்த்தும் அவனுக்கே பிச்சி ஆனாள்
அன்னையையும் அத்தனையும் அன்றே நீத்தாள்
அகன்றாள் அகலிடத்தார் ஆசாரத்தை
தன்னை மறந்தாள் தன்நாமம் கெட்டாள்
தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே.

முதல் மூன்று அடிகளில் 'கேட்டாள்' மூன்று முறை வருகிறது. அதே கேட்டலை அதே முத்திரையால் மூன்று முறையும் காட்டினால் பாடல் அங்கேயே செத்துவிடும். நல்ல நடனக் கலைஞர் முதல் கேட்டலை வழியில் காதில் விழுந்ததாகவும், இரண்டாவதை உடல் அசையாமல் நின்று வாங்கிக்கொள்வதாகவும், மூன்றாவதை ஊர் இருக்கும் திசை நோக்கிக் கால் தானாகத் திரும்புவதாகவும் வளர்த்துக்கொண்டு போவார். நான்காம் அடியில் 'பிச்சி' (பித்துப் பிடித்தவள்) என்ற இடம் ஒரு பொறி; கூந்தலை அவிழ்த்துக் கண்ணை உருட்டிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். இதுவரை அடையாளத்துக்கு வேலை இல்லை. இவை பயிற்சியும் ரசனையும் சார்ந்தவை.

ஐந்தாம் அடியில்தான் கலைஞரின் வாழ்வுக்கு வாசல் திறக்கிறது. அன்னையையும் தந்தையையும் 'அன்றே' விட்டு நீங்கினாள் என்பதைச் சஞ்சாரியில், அதாவது ஒரு வரியை அபிநயத்தால் பலவாறாக விரித்துக் காட்டும் பகுதியில், விரிக்கும்போது, தாய் ஊட்டியதையும் தந்தை கைப்பிடித்து நடத்தியதையும் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு பெரும்பாலானவர்கள் முடித்துவிடுகிறார்கள். பற்றறுத்தல் என்ற கருத்து அவ்வளவில் விளங்கிவிடும். வீட்டை விட்டு உண்மையாகவே வெளியேறிய திருநங்கை ஒருவர் இந்த அடியை எடுத்தால், அவர் முன்னால் வேறு தேர்வுகளும் நிற்கும். வாசற்படியில் கால் தயங்குவதைக் காட்டலாம், காட்டாமல் விடலாம், தாயின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதா வேண்டாமா என்பதே ஒரு முழுச் சஞ்சாரியாக வளரலாம். ஏழாம் அடியில் 'தன் நாமம் கெட்டாள்' என்பது சைவ நோக்கில் தன்முனைப்பு அழிதல். பிறர் இட்ட பெயரை விட்டுவிட்டுத் தன் பெயருக்கு வந்து சேர்ந்த ஒருவருக்கு, பெயர் கெடுதல் என்பது இழப்பாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விடுதலையாகவும் அதை ஆடலாம். பாடல் இரண்டுக்கும் இடம் தருகிறது, ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை, 'இது என் கதை' என்று அறிவிக்க வேண்டியதும் இல்லை. பார்ப்பவருக்கு அவர் வாழ்வு தெரியாமல் இருந்தாலும், வழக்கத்தைவிட நீண்டு நின்ற ஒரு பார்வை அவரைப் போய்த் தொடும். அடையாளம் படைப்பை வடிவமைக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான். இதை ஆய்வேட்டில் சஞ்சாரி சஞ்சாரியாகக் குறித்துக் காட்டவும் முடியும்.

ஆண்கள் பெண் வேடம் கட்டும் மரபோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர், அறிஞர்களிலும்கூட. நம் நாடக மேடையில் ஸ்திரீபார்ட் என்பது பெரிய கலை. ஔவையாராக நடித்த டி. கே. சண்முகத்துக்கு 'ஔவை' என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டது. குச்சிப்புடியில் சத்தியபாமாவாக ஆடிய வேதாந்தம் சத்தியநாராயண சர்மாவைப் பார்த்துப் பெண்களே வியந்தார்கள். அந்தக் கலையின் இன்பத்தில் ஒரு பங்கு, மேடையில் இருப்பவர் ஆண் என்று பார்வையாளருக்குத் தெரிந்திருப்பதிலிருந்து வருகிறது. அதனால் நடை, இடை, கடைக்கண் எல்லாமே ஒரு பிடி கூடுதலாக இருக்கலாம். அந்தக் கூடுதலைத்தான் கைதட்டி ரசிக்கிறோம். திருநங்கை நடனக் கலைஞருக்கு நிலைமை நேர்மாறானது. அவர் வேடம் எதுவும் கட்டவில்லை. கூடுதலாக ஒரு கண்ணசைவு வைத்தாலும் வேடம் என்று தவறாக எண்ணப் பார்வையாளர் தயாராக இருக்கிறார். ஆகவே அவரிடம் அளவும் அடக்கமும் அழகியல் தேர்வாக மட்டுமல்லாமல் தற்காப்பாகவும் அமைந்துவிடுகின்றன. தஞ்சைப் பாணியின் நிதானமான லாசியத்தை (மென்மையான ஆட்டத்தை) நர்த்தகி கையாளும் விதத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண்ணம் எனக்கு வந்துகொண்டே இருக்கும். இது என் வாசிப்பு. மாணவி ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் சோதித்துப் பார்க்கலாம்.

எழுத்துத் துறையில் நிலைமை வேறு. அங்கே அடையாளம் நேரடியாகவே பொருளாகிறது, ஏனென்றால் தமிழில் திருநங்கையர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய நூல்கள் நீண்ட காலம் இல்லை. ஏ. ரேவதி 2005-இல் 'உணர்வும் உருவமும்' நூலில் தம்மைப் போன்ற மற்றவர்களின் வாழ்க்கைகளை அவர்கள் வாய்மொழியாகவே தொகுத்தார். தம் சொந்தக் கதை 'வெள்ளை மொழி' என்ற பெயரில் தமிழில் வந்தது அதன் பிறகுதான். பலர் குரலிலிருந்து தன் குரலுக்கு வந்த இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. லிவிங் ஸ்மைல் வித்யா தன்வரலாற்றோடு நின்றுவிடாமல் நாடக மேடையிலும் இயங்கினார். தன்வரலாறு என்ற வகை ஒரு நுழைவுச்சீட்டாக இருப்பதோடு ஒரு கூண்டாகவும் ஆகிவிடக்கூடும்: பதிப்பாளரும் வாசகரும் வலியையே திரும்பத் திரும்பக் கேட்கும்போது, அதே எழுத்தாளர் மழையைப் பற்றியோ அரசியல் சூழ்ச்சியைப் பற்றியோ எழுதும் நாவலுக்கு இடம் கிடைப்பதில்லை. பரதத்தில் நாயகி பாவம் போன்ற பழைய வடிவம் ஒன்று தயாராக இருந்தது நர்த்தகிக்குக் கிடைத்த நற்பேறு. உரைநடையில் எழுதியவர்கள் வடிவத்தையும் தாமே உண்டாக்க வேண்டியிருந்தது.

என் கருத்துக்கு எதிரான சான்றையும் வைப்பதே நேர்மை. திருநங்கையான அமெரிக்க இசைக் கலைஞர் வெண்டி கார்லோஸ், 1968-இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையை மூக் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு மின்னணு இசையைப் பொதுமக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூன்று கிராமி விருதுகளையும் பெற்றது. அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் எழுப்ப முடியும். ஒவ்வொரு குரல்வரிசையையும் தனித்தனியாகப் பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அந்த இசையைக் கேட்டு அதில் பெண்மையையோ மாற்றுப் பாலினத்தையோ காண்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். தம் பாலின மாற்றத்தை வைத்துத் தம் இசையை விளக்க முற்படுபவர்களைக் கண்டு கார்லோஸே எரிச்சலடைந்தவர்.

ஆனாலும் இசைக்கு வெளியே அவருடைய தொழில் வாழ்க்கையைப் பாருங்கள். அந்த இசைத்தட்டு முன்னைய பெயரில் வெளிவந்து புகழ் பெற்ற அதே ஆண்டுகளில்தான் அவர் பெண்ணாக வாழத் தொடங்கியிருந்தார். மேடையேற நேர்ந்தபோது ஒட்டுக் கிருதாவும் ஆண்களுக்குரிய பொய்முடியும் வைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதன் பிறகு மேடையைத் தவிர்த்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளேயே இருந்துவிட்டார். 1979-இல் ஓர் இதழ் நேர்காணலில் உண்மையை வெளியிடும்வரை அந்த மறைவு தொடர்ந்தது. சுரங்களில் அடையாளம் கேட்கவில்லை என்பது உண்மைதான். நேரடி நிகழ்ச்சிகள் மிக அரிதான ஒரு பெரும் இசை வாழ்வு உருவானதற்கு அந்த அடையாளத்தை உலகம் நடத்திய விதமே காரணம் என்பதும் உண்மை. நர்த்தகிக்குக் குருவின் வீடு திறந்தது; கார்லோஸுக்குக் கூடத்தின் கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டது. இருவர் படைப்பிலும் கருப்பொருளைவிடச் சூழலே அழுத்தமாகப் பேசுகிறது.

எனவே ஆய்வேட்டைப் பொறுத்தவரை மாணவிக்கு நான் சொல்லக்கூடியது இது. பயிற்சியும் பாணியும் பற்றிய இயலில், குருகுலத்துக்குச் சென்ற காரணத்தோடு சேர்த்து, அவர் திருநங்கை என்பதை வெளிப்படையாகவே எழுதுங்கள். நாயகி பாவம் பற்றிய இயலில், ஆழ்வார் மரபை விளக்கிவிட்டு, குறிப்பிட்ட சஞ்சாரிகளைக் காட்டி எழுதுங்கள். காணொளியில் எந்த நிமிடம் என்று குறிக்க முடியாத எதையும் அடையாளத்தின் விளைவு என்று எழுத வேண்டாம். அடவு (அடிப்படை அசைவு) சுத்தம், ஜதி (தாளச் சொற்கட்டு) அமைப்பு, தாளக்கட்டு பற்றிய இயலில் அந்தச் செய்திக்கு இடமில்லை. அங்கே அவரை மற்றக் கலைஞர்களோடு ஒப்பிடும்போது, அவர்கள் ஒவ்வொருவரின் பாலினத்தையும் குறிப்பிடுவீர்களா என்று உங்களையே கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும். பிறப்பில் இட்ட பெயரைத் தேடிப் பிடித்து அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டாம். அதனால் ஆய்வுக்கு ஒரு பயனும் இல்லை. 2011-இல் சங்கீத நாடக அகாதமி விருதும் 2019-இல் பத்மஸ்ரீயும் பெற்றதைச் சொல்லும்போது, 'முதல் திருநங்கை' என்ற சிறப்பைக் குறிப்பிடுவது சரியே. ஆனால் எந்த ஆடலுக்காக அந்த விருதுகள் வந்தன என்பதும் அதே பத்தியில் இருக்க வேண்டும். அவரை நேர்காணல் செய்ய வாய்ப்புக் கிடைத்தால், கிட்டப்பா பிள்ளை வர்ணத்தை எப்படிச் சொல்லிக்கொடுத்தார், சஞ்சாரிகளில் எவற்றைத் தாமே கட்டிக்கொள்ள விட்டார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.